உத்தரவு போட முடியாத இடத்தில்: ஒய்.டபிள்யூ.சி.ஏ.வில் டோரதி ஹைட்டின் நாற்பது ஆண்டுகள்

ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்பது இளம்பெண்கள் கிறித்தவச் சங்கம். அமெரிக்காவில் அதை ஒரே நிறுவனமாக நினைத்துக்கொண்டால், கறுப்பின உரிமைகளுக்காக உழைத்த டோரதி ஹைட் அங்கே செய்த வேலை பிடிபடாது. நம்மூரில் அந்தப் பெயரைச் சொன்னால் வேலைக்குப் போகும் பெண்களின் விடுதிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது ஊருக்கு ஊர் தனித்தனிச் சங்கம். கட்டடமும் நன்கொடையும் உள்ளூர்ச் சங்கத்துக்குச் சொந்தம். யாரை உறுப்பினராகச் சேர்ப்பது, உணவகத்தில் யாரை உட்கார வைப்பது, நீச்சல் குளத்தில் யாரை இறங்க விடுவது எல்லாம் உள்ளூர் நிர்வாகக் குழு எடுக்கும் முடிவு. நியூயார்க்கில் தேசியக் குழு ஒன்று இருந்தது. அது மாநாடு கூட்டும், கையேடு அச்சடிக்கும், பயிற்சி தரும், ஆள் அனுப்பி ஆலோசனை சொல்லும். 'இதைச் செய்' என்று உத்தரவு போடும் பலம் அதற்குப் பெரிதாக இருந்ததில்லை.

அந்தத் தேசியக் குழுவில் ஹைட் தலைவராக இருந்ததே இல்லை. அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஊழியர். 1937-ல் நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் கிளையில் சேர்ந்தார், 1944-ல் தேசிய அலுவலகத்துக்கு வந்தார், 1977-ல் ஓய்வு பெற்றார். அவர் சேர்ந்தபோது கறுப்பினப் பெண்களுக்குத் தனிக் கிளை என்பது பேச்சுக்கே இடமில்லாத வழக்கம். அவர் ஓய்வு பெற்றபோது, இனவெறியை ஒழிப்பதே தன் தலையாய வேலை என்று அதே அமைப்பு தீர்மானம் போட்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த மாற்றத்தில் ஓர் ஊழியரின் கை எவ்வளவு நீள முடிந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். தீர்மானங்களுக்குத்தான் பெயர் கிடைத்தது. வேலையை முடித்தவை அவற்றுக்குப் பின்னால் வந்த பணமும், அலுவலகமும், ஊர் ஊராகப் போன ஆட்களும் என்பது என் கணிப்பு.

குளத்து வாசல்

ஹைட் பிறந்தது 1912 மார்ச் 24, விர்ஜினியாவின் ரிச்மண்ட் நகரில். நான்கு வயதில் குடும்பம் பென்சில்வேனியாவின் ரேங்கினுக்குக் குடிபெயர்ந்தது. பிட்ஸ்பர்க்கை ஒட்டிய இரும்பாலை ஊர் அது. ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய தொழிலாளர்களும் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவரும் அங்கே அக்கம்பக்கமாக வாழ்ந்தார்கள். பள்ளி மாணவியாக இருந்தபோது ஹைட் தோழிகளுடன் பிட்ஸ்பர்க் ஒய்.டபிள்யூ.சி.ஏ.வுக்கு நீந்தப் போனார். கறுப்பினச் சிறுமிகளுக்குக் குளத்தில் இடமில்லை என்றார்கள். அவர் திரும்பிப் போகாமல், பொறுப்பாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பார்த்தும் குளம் திறக்கவில்லை. பிற்காலத்தில் எந்த அமைப்புக்குள் நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்து வேலை செய்தாரோ, அந்த அமைப்போடு அவருக்கு வாய்த்த முதல் பழக்கம் இப்படி.

எல்க்ஸ் என்ற சகோதரச் சங்கம் நடத்திய தேசியப் பேச்சுப் போட்டியில் அமெரிக்க அரசியல் சாசனத் திருத்தங்களைப் பற்றிப் பேசி வென்றார். 1,000 டாலர் கல்வி உதவித்தொகை கிடைத்தது. 1929-ல் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் இடமும் கிடைத்தது. சேரப் போன இடத்தில், ஆண்டுக்கு இரண்டு கறுப்பின மாணவிகள்தான், அந்த இரண்டு இடமும் நிரம்பிவிட்டன என்று கைவிரித்தார்கள். பர்னார்ட் கொடுத்த அனுமதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார், அன்றே சேர்த்துக்கொண்டார்கள். நான்கே ஆண்டுகளில் இளங்கலையும் முதுகலையும் முடித்தார். முதுகலை, கல்வி உளவியலில். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் அவர் கையாண்ட முறை மேடைப் பேச்சாளருடையது அல்ல. ஒரு குழு எப்படிக் கற்கிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று படித்தவருடைய முறை அது.

முன்னால் போனவர்கள்

ஹைட்டை முன்னோடி என்று எழுதுபவர்கள் அவருக்கு முன்னால் இருந்தவர்களை விட்டுவிடுகிறார்கள். ஈவா போல்ஸ் 1905-லேயே ஹார்லெமில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. செயலாளர் பொறுப்பேற்றவர். பிறகு தேசியக் குழுவில் கறுப்பினப் பெண்களுக்கான பணியைத் தலைமையேற்று நடத்தினார். 1932-ல் அந்தத் தனிப்பிரிவைக் கலைத்து மற்றப் பிரிவுகளோடு சேர்த்தபோது ராஜினாமா செய்தார். தனிப்பிரிவு போனால் கொள்கை முடிவெடுக்கும் இடத்தில் கறுப்பினப் பெண்களின் குரல் குறைந்துவிடும் என்பது அவர் அச்சம். 'ஒன்றாகச் சேர்த்தல்' என்ற நல்ல பெயரில் அதிகாரம் கைநழுவக்கூடும் என்று அவர் சொன்னது, நாற்பது ஆண்டு கழித்தும் பொருந்தியது.

ஜூலியட் டெரிகாட் அமைப்பின் தேசிய மாணவர் பணியில் இருந்தவர். 1928-ல் உலக மாணவர் கிறித்தவ சம்மேளனத்தின் கூட்டத்துக்காக மைசூர் வரை வந்து போனவர். 1931 நவம்பரில் ஜார்ஜியாவின் டால்டன் அருகே அவர் ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளானது. பக்கத்து மருத்துவமனை கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளாது. வெள்ளைக்கார மருத்துவர் ஒருவர் தன் அறையில் முதலுதவி செய்தார். பிறகு கறுப்பினப் பெண்மணி ஒருவரின் வீட்டில் கிடத்தினார்கள். கடைசியில் சட்டனூகாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்தார். ஒய்.டபிள்யூ.சி.ஏ. மாணவிகளுக்கு அது பெயர் தெரியாத யாரோ ஒருவரின் சாவு அல்ல; தங்கள் மாநாடுகளில் கூட உட்கார்ந்திருந்தவரின் சாவு. முப்பதுகளின் மாணவர் பிரிவு மற்றப் பிரிவுகளைவிட வேகமாக நகர்ந்ததற்கு இதையும் ஒரு காரணமாக நான் பார்க்கிறேன்.

ஹார்லெம்

படிப்பு முடிந்ததும் ஹைட் நியூயார்க் நகர நலத்துறையில் வேலை பார்த்தார். 1937-ல் ஹார்லெம் ஒய்.டபிள்யூ.சி.ஏ.வில் துணை நிர்வாகியாகச் சேர்ந்தார். அங்கே எம்மா ரான்சம் இல்லம் என்ற விடுதி இருந்தது. தெற்கிலிருந்து தனியாக ரயிலேறி வந்த கறுப்பின இளம்பெண்களுக்கு நியூயார்க்கில் நம்பித் தங்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. இந்த இல்லம் அவற்றில் ஒன்று.

அந்தப் பெண்களில் பலருக்கு வீட்டு வேலைதான் பிழைப்பு. பொருளாதார வீழ்ச்சியின் உச்சத்தில் பிராங்க்ஸ் பகுதியின் தெருமுனைகளில், வேலை உடுப்பைக் காகிதப் பொட்டலமாகச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து நிற்பார்கள். வீட்டுக்காரப் பெண்கள் வந்து ஏற இறங்கப் பார்த்து, மணிக்கு இவ்வளவு என்று பேரம் பேசிக் கூட்டிப்போவார்கள். 15 முதல் 30 சென்ட் வரைதான். செயற்பாட்டாளர் எல்லா பேக்கர் (Ella Baker), பத்திரிகையாளர் மார்வெல் குக் என்ற இரண்டு பெண்கள் 1935-ல் இதை நேரில் பார்த்து எழுதினார்கள். ஊர் அதை 'அடிமைச் சந்தை' என்றே அழைத்தது. 1938-ல் ஹைட் நியூயார்க் நகர சபை முன் போய் இதைப் பற்றிச் சாட்சியம் சொன்னார். பத்திரிகைகளில் வந்தது. சந்தை கொஞ்ச காலம் மறைந்து மறுபடி தலைகாட்டியது. ஒரு சாட்சியம் எதுவரை போகும் என்று அவருக்குக் கிடைத்த முதல் அளவுகோல் இது.

இதற்கிடையே 1937 நவம்பர் 7 அன்று ஒரு சிறு வேலை கொடுக்கப்பட்டது. மேரி மெக்லியோட் பெத்யூன் நடத்திய கறுப்பினப் பெண்களின் தேசியப் பேரவைக் கூட்டம் ஹார்லெம் கிளையில் நடந்தது. குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வருகிறார். வாசலில் வரவேற்று அழைத்து வர ஹைட்டை நிறுத்தினார்கள். பெத்யூன் அந்த இளம் ஊழியரைக் கவனித்தார், பெயர் கேட்டார், பேரவைக்கு வரச்சொன்னார். அதன்பின் ஹைட்டின் வாழ்க்கை இரண்டு தடத்தில் ஓடியது: பகலில் சம்பளத்துக்கு ஒய்.டபிள்யூ.சி.ஏ., மற்ற நேரத்தில் சம்பளமில்லாமல் பேரவை. 1957-ல் பேரவைத் தலைவரானார்; 1997 வரை நாற்பது ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். டெல்டா சிக்மா தீட்டா என்ற கறுப்பினப் பட்டதாரிப் பெண்கள் சங்கத்துக்கும் 1947 முதல் 1956 வரை தலைமை வகித்தார். இது வெறும் உழைப்புக் கதையாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. வெளியே தனக்கென ஓர் ஆதரவுத் தளம் உள்ள ஊழியரை அலுவலகத்தில் யாரும் எளிதில் ஓரங்கட்ட முடியாது.

1939-ல் வாஷிங்டனின் ஃபிலிஸ் வீட்லி கிளைக்கு நிர்வாகியாகப் போனார். 1905-ல் கறுப்பினப் பெண்களே தொடங்கிய சங்கம் அது. ஒரு தனிக் கிளை தன் காலில் நிற்கும்போது அதற்குள் எத்தனை தலைவர்கள் உருவாகிறார்கள் என்று ஐந்து ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தார்.

1946: காகிதத்தில் கிடைத்த வெற்றி

1944-ல் தேசிய அலுவலகத்தில் இனங்களுக்கிடையேயான கல்விக்குப் பொறுப்பான செயலாளராகச் சேர்ந்தார். அதே ஆண்டு ஜூலியட் பெல், ஹெலன் வில்கின்ஸ் இருவரும் தயாரித்த ஆய்வறிக்கை வெளிவந்திருந்தது. உள்ளூர்ச் சங்கங்களில் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஊர் ஊராக விசாரித்து எழுதியது. கூட்டு நிகழ்ச்சி என்று சொல்லிக்கொண்ட இடங்களிலும் விடுதி தனி, உணவகம் தனி, குளம் தனி என்ற நிலை அதில் பதிவானது. யாரும் மறுக்க முடியாதபடி, தங்கள் சொந்த ஆட்களே எழுதிய பதிவு.

1946-ல் அட்லாண்டிக் சிட்டியில் தேசிய மாநாடு. இன சமத்துவச் சாசனத்தை ஏற்பதா என்று விவாதம். தெற்கிலிருந்து வந்த பிரதிநிதிகள் பலர், இன்னும் காலம் கனியவில்லை என்றார்கள். மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் மேஸ் அங்கே பேசினார். காலம் கனியவில்லை என்றால் அதைக் கனிய வைப்பதுதான் உங்கள் வேலை என்று அவர் சொன்னதை ஹைட் கடைசிவரை நினைவு வைத்திருந்தார். சாசனம் நிறைவேறியது. ஊரிலோ நாட்டிலோ உலகிலோ இனத்தின் பேரால் அநீதி நடந்தால் எங்கள் எதிர்ப்பு தெளிவாக இருக்கும், அதை நீக்கும் உழைப்பு ஓயாமல் நடக்கும் என்பது அதன் சாரம். நாட்டின் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. அந்த வகையில் துணிச்சலான சாசனம்தான்.

ஆனால் கூட்டமைப்பின் இயல்பு மாறவில்லை. மாநாட்டில் கை தூக்கியவர் ஊருக்குத் திரும்பினால் நிர்வாகக் குழு, நன்கொடையாளர், உள்ளூர்ப் பத்திரிகை என்று ஒவ்வொருவராக எதிரே நின்றார்கள். அட்லாண்டா ஒய்.டபிள்யூ.சி.ஏ.வின் உணவகம் கறுப்பினத்தவருக்குத் திறந்தது 1960-ல். சாசனத்துக்கும் அந்தச் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே பதினான்கு ஆண்டுகள். மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸில் 1949-ல் உள்ளூர்ச் சங்கத் தலைவராக ஒரு கறுப்பினப் பெண் தேர்வானபோது நிர்வாகக் குழுவில் சிலர் பதவி விலகினார்கள். அவர் வேறு யாருமல்ல, அந்த 1944 ஆய்வின் ஹெலன் வில்கின்ஸ்தான். பின்னாளில் ஹெலன் கிளேட்டர் என்ற பெயரில் 1967-ல் தேசியத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்.

இந்த இடைவெளியில் ஹைட் செய்த வேலைக்குத் தலைப்புச் செய்தி கிடையாது. வெள்ளை, கறுப்பினப் பெண்களை ஒரே கூட்டத்தில் உட்கார வைப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்லும் கையேடு எழுதினார். ஐம்பதுகளில் பயிற்சிப் பிரிவுக்கு மாறி, அமைப்பின் முழுநேர ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இதை அவருடைய தேக்க காலம் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவரிடம் பயின்றவர்கள் நாடு முழுக்கச் சங்கங்களில் செயலாளர்களாக உட்கார்ந்தார்கள். 1963-ல் அவர் தொலைபேசியை எடுத்தபோது மறுமுனையில் பேசியவர்கள் அவருக்குத் தெரிந்தவர்கள்.

1952-ன் பிற்பகுதியில் டெல்லி சமூகப் பணிப் பள்ளியில் வருகைப் பேராசிரியராகப் பாடம் எடுத்தார். அந்தப் பள்ளியே இந்திய ஒய்.டபிள்யூ.சி.ஏ. 1946-ல் தொடங்கியதுதான். சில மாதம் இருந்துவிட்டு நியூயார்க் பயிற்சிப் பணிக்குத் திரும்பினார்.

1963: நிதி, அலுவலகம், ஆட்கள்

1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் பேசியபோது ஹைட் மேடையில் சில அடி தூரத்தில் இருந்தார். பேச வாய்ப்புத் தரவில்லை. முக்கிய உரைகள் எல்லாம் ஆண்களுடையவை. பெண்கள் பேச வேண்டும் என்று ஹைட்டும், முன்னாளில் ஒய்.டபிள்யூ.சி.ஏ.வில் வேலை பார்த்த அன்னா அர்னால்ட் ஹெட்ஜ்மனும் வற்புறுத்திப் பார்த்தும் பெரிதாகப் பலனில்லை. மறுநாள் வாஷிங்டனிலேயே பெண்களைக் கூட்டி, பேரணி முடிந்தது, அடுத்து என்ன என்று விவாதம் நடத்தினார் ஹைட்.

ஒய்.டபிள்யூ.சி.ஏ.வுக்குள் அதே ஆண்டு நடந்ததுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். உள்ளூர்ச் சங்கங்களில் பிரிவினையை ஒழிக்க இரண்டாண்டுச் செயல்திட்டம் ஒன்றுக்குத் தேசியக் குழு தனி நிதி ஒதுக்கியது. பொறுப்பு ஹைட்டிடம். சாசனத்தில் இல்லாத மூன்று இதில் இருந்தன: கெடு, பணம், போய்ப் பார்த்து வர ஆள். 1965-ல் திட்டக்காலம் முடிந்ததும் அதைக் கலைக்காமல் நிரந்தர அலுவலகமாக்கினார்கள். ஹைட் அதன் முதல் இயக்குநர். முதலில் இன ஒருங்கிணைப்பு அலுவலகம் என்ற பெயர்; 1969-ல் இன நீதி அலுவலகம் ஆனது. அமைப்பு வரைபடத்தில் அது ஏதோ ஒரு துறையின் மூலையில் இல்லை, நிர்வாகத் தலைமையின் கீழ் நேரடியாக இருந்தது. சங்கங்கள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று கண்காணிப்பது, கறுப்பின ஊழியர்களைத் தேடிச் சேர்ப்பது, சேர்ந்தவர்கள் விலகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அதன் வேலை. அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: கோப்பு யார் மேசைக்குப் போகிறது என்பதில்தான் பாதி விஷயம்.

1964 கோடையில் பேரவையின் பெயரில், பாலி கோவன் என்ற யூதப் பெண்மணியுடன் சேர்ந்து 'மிசிசிப்பியில் புதன்கிழமைகள்' திட்டத்தை நடத்தினார். வடக்கிலிருந்து வெள்ளை, கறுப்பினப் பெண்கள் அடங்கிய சிறு குழு செவ்வாயன்று ஜாக்சனில் இறங்கும். விமான நிலையத்திலேயே பிரிந்துவிடுவார்கள். ஒரே விடுதியில் தங்கினால் ஆபத்து. புதனன்று, கறுப்பினத்தவருக்காக உரிமை இயக்கம் சிறு ஊர்களில் நடத்திய சுதந்திரப் பள்ளிகளுக்குப் போவார்கள். உள்ளூர் வெள்ளைப் பெண்களைத் தேநீர் அருந்தியபடி சந்திப்பார்கள். வியாழனன்று ஊர் திரும்புவார்கள். வந்தவர்கள் நல்ல உடுப்பும் கையுறையும் அணிந்த நடுத்தர வயதுப் பெண்கள். கலகக்காரர்கள் என்று யாரும் விரல் நீட்ட முடியாத தோற்றம். அது யோசித்துச் செய்த தேர்வு. பெண்கள் சங்கங்களின் பண்பாட்டை உள்ளிருந்து அறிந்தவருக்குத்தான் இப்படி ஒரு வழி தோன்றும்.

ஹூஸ்டன்

1970 ஏப்ரலில் டெக்சஸின் ஹூஸ்டனில் தேசிய மாநாடு. அதற்கு முன்னதாக, ஒய்.டபிள்யூ.சி.ஏ.வின் கறுப்பினப் பெண்கள் தனியாகக் கூடினார்கள். ஏறக்குறைய 500 பேர். கால் நூற்றாண்டுச் சாசனத்துக்குப் பிறகும் தங்களுக்கு இந்த அமைப்பில் என்ன இடம் என்பதே கேள்வி. வெளியே கறுப்பின அதிகாரம் என்ற முழக்கம் ஓங்கியிருந்த காலம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு இரண்டு ஆண்டுகள். கோபம் இருந்தது, பொறுமை தீர்ந்திருந்தது. மாநாட்டை நோக்கிய தயாரிப்புகளை நடத்தியவர் ஹைட்.

பல கடமைகளை அடுக்காமல், ஒன்றே ஒன்று என்று தீர்மானம் வந்தது: இனவெறி எங்கே இருந்தாலும், தேவையான எந்த வழியிலும் அதை ஒழிக்க எங்கள் கூட்டு பலத்தைச் செலுத்துவோம். 'தேவையான எந்த வழியிலும்' என்பது கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் வாயிலிருந்து நாடறிந்த சொற்றொடர். முத்துமாலை அணிந்த பெண்கள் நிறைந்த ஒரு கிறித்தவச் சங்கம் அதை எடுத்துத் தன் தீர்மானத்தில் வைத்தது. மேடையில் தலைமை ஹெலன் கிளேட்டர். ஆய்வு எழுதியவர் தலைவர், கையேடு எழுதியவர் இன நீதி அலுவலகத்தின் இயக்குநர்; இருபத்தாறு ஆண்டுகளில் கோப்புக் கட்டு கைமாறி இங்கே வந்து சேர்ந்திருந்தது.

இந்தத் தீர்மானத்தை ஹைட்டின் சாதனை என்று மட்டும் எழுதுவது சரியல்ல. அவருடைய இயல்பு இணக்கம் காண்பது. அறையில் உள்ள கடைசி ஆளும் தலையசைக்கும்வரை காத்திருப்பவர். அந்த 500 பேரின் நெருக்கடி இல்லாமல் இப்படி ஒரு வாசகம் வந்திருக்காது. அதே நேரம், வெளியேறிப் போகாமல் அந்தக் கோபத்தைத் தீர்மானமாக்கிக் கொடுக்கக்கூடிய ஓர் அலுவலகம் உள்ளே தயாராக இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் நடந்தது.

இழந்தவை

கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிளைகளை ஒன்றாக்கியபோது பல ஊர்களில் நடந்தது ஒரே மாதிரி: கறுப்பினக் கிளையின் கட்டடம் மூடப்பட்டது, மைய நகரக் கட்டடம் 'எல்லோருக்குமானது' ஆனது. மூடப்பட்ட கிளையின் நிர்வாகியாக இருந்த பெண் புதிய இடத்தில் துணைப் பொறுப்புக்கு இறங்கினார் அல்லது போய்விட்டார். தங்கள் தெருவில் இருந்த கூடம், நூலகம், மாலை வகுப்பு எல்லாம் பேருந்து ஏறிப் போகும் தூரத்துக்கு மாறின. ஈவா போல்ஸ் 1932-ல் பயந்தது இதைத்தான். ஃபிலிஸ் வீட்லி கிளையை நடத்திய ஹைட்டுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. கறுப்பின ஊழியர்களைச் சேர்ப்பதும் தக்கவைப்பதும் அவர் அலுவலகத்தின் வேலைப் பட்டியலில் இடம்பெற்றதற்கு இந்த அனுபவமே காரணம் என்பது என் ஊகம். ஆனால் தேசிய அலுவலகத்திலிருந்து ஒரு நிர்வாகியைக் காப்பாற்றலாம். ஒரு தெருவின் கிளையைக் காப்பாற்ற அவருக்கு வழி இருக்கவில்லை. அதே கூட்டமைப்பு விதி இங்கேயும் குறுக்கே நின்றது.

1977-ல் ஓய்வு பெற்றார். பேரவை வேலை இன்னும் இருபது ஆண்டுகள் தொடர்ந்தது. 1994-ல் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம், 2004-ல் நாடாளுமன்றத் தங்கப் பதக்கம். அதே 2004-ல் பர்னார்ட் கல்லூரி அவரைக் கௌரவ முன்னாள் மாணவியாக ஏற்றுக்கொண்டது, எழுபத்தைந்து ஆண்டு தாமதமாக. 2010 ஏப்ரல் 20 அன்று, 98 வயதில் வாஷிங்டனில் காலமானார். இறுதி ஆராதனையில் பராக் ஒபாமா இரங்கலுரை ஆற்றினார். அமெரிக்க ஒய்.டபிள்யூ.சி.ஏ. இப்போதும் தன் பெயருக்குக் கீழே இனவெறி ஒழிப்பு, பெண்களின் வலிமை என்ற இரண்டையும் அந்த வரிசையிலேயே போட்டுக்கொள்கிறது. உள்ளூர்ச் சங்கங்கள் இன்றும் தனித்தனி நிர்வாகக் குழுக்களின் கையில்தான் இருக்கின்றன.